கொடி இன்னும் டோனா ஃபிலோ வீட்டில்தான் இருக்கிறது

பொசோ கிளாரோ,
15 ஜனவரி 1984, ஞாயிறு மதியம்.

அன்பு மகள் டெல்மிராவுக்கு அப்பா அனீசியோ எழுதுவது. குழந்தை இயேசுவைத் தேடி நடந்த மூன்று ராஜாக்கள் புண்ணியத்தில் இங்கே நானும் அம்மாவும் பால் லாரியும் சுகமாக இருக்கிறோம், லாரிக்கு மட்டும் இடது பக்க விளக்கு எரிவதில்லை. அங்கே நீயும் உன் தொண்டையும் சாவோ பாவ்லோ மழையில் நனையாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் நாலு வரி வந்தால்தான் எங்களுக்கு உண்டது செரிக்கும்.

அம்மா பேருக்கு நீ போட்ட கடிதம் புதன்கிழமை கிடைத்தது. அவள் கண்ணாடி உடைந்து பதினைந்து நாளாகிறது, அதனால் நான்தான் படித்துக் காட்டினேன். 'இதை அப்பாவிடம் சொல்லாதே' என்று எழுதியிருந்தாயே, அந்த வரியையும் நானேதான் சத்தமாகப் படித்தேன். அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அடுத்த பக்கம் திருப்பியதும் அழுதாள். பத்திரிகைக்காரன் ஒருவன் உன்னைப் பற்றி, நாட்டுப்புறத்து ஏழைகளின் மெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து தன் பேரைப் போட்டு விற்கிறாள் என்று எழுதிவிட்டான் என்றும், கம்பெனிக்காரர்கள் அடுத்த இசைத்தட்டில் வியோலா மீட்டலும் வேண்டாம் ராஜாக்களும் வேண்டாம், ஜிகினா கவுன் போட்டுக்கொண்டு காதல் பாட்டுப் பாடு என்கிறார்கள் என்றும், இந்த மாதம் முப்பத்தோராம் தேதி கையெழுத்துப் போட்டுவிட்டால் ஐந்து வருஷத்துக்கு நம் பக்கத்துப் பாட்டு ஒன்றைக்கூட வாயில் எடுக்கக் கூடாது என்று காகிதத்தில் இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். அதோடு விட்டாயா, 'போட்டுவிடலாம் என்றுதான் இருக்கிறேன் அம்மா, ஊரே என்னைத் திருடி என்று சொல்லும்போது அந்தப் பாட்டை நான் எந்த முகத்தோடு பாடுவது, ஞானத்தந்தை முகத்தில் எப்படி முழிப்பது' என்றும் எழுதியிருந்தாய். ஊர் என்ன சொல்கிறது என்று ஊரில் இருக்கிறவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நீயே சொல்லிக்கொண்டால் எப்படி மகளே? உன் ஞானத்தந்தை, நம் ராஜாக்கள் பாட்டுக் கோஷ்டி மேஸ்திரி ஒலெகாரியோ, என்ன சொன்னார், என்ன செய்துவைத்திருக்கிறார் என்று தெரிந்தால் நீ இப்படி எழுதியிருக்க மாட்டாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மருந்துக்கடைத் தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்றால் பின்னால் எட்டுப் பேர் வரிசையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள், நான் சொல்லப் போவதில் பாதி அவர்கள் காதுக்கு உரியது இல்லை.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். இந்த மாதம் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போகப் புறப்பட்ட ராஜாக்கள் கொடி பாலத்துக்கு அந்தப் பக்கத்து வீடுகளை எல்லாம் முடித்துக்கொண்டு டோனா ஃபிலோ வீட்டு வாசலுக்கு வந்தது. முன்னால் ஜுவெனல் கொடியைப் பிடித்துக்கொண்டு, அவனுக்குப் பின்னால் மேஸ்திரி வியோலாவோடு, அவருக்குப் பின்னால் பதில் பாடுகிற ஆறு பேர், அக்கார்டியன், மேளம், கஞ்சிரா. வேலிக்கு வெளியே துணி முகமூடியும் கோலுமாக நான், கூப்பிட்டால் ஒழியக் கோமாளிக்கு உள்ளே வேலை இல்லையே. டோனா ஃபிலோவின் மகன் பெலோ ஹொரிசாண்டேயிலிருந்து அவளுக்கு ஒரு ஸ்டீரியோ பெட்டி அனுப்பியிருக்கிறான், அலமாரி உயரத்துக்கு இருக்கிறது. அந்த அம்மாள் என்ன கணக்குப் போட்டாளோ, நம் ஊர்ப் பெண் பாட்டும் நம் ஊர்க் கொடியும் சேர்ந்து வந்தால் இரட்டைப் புண்ணியம் என்று நினைத்தாளோ, வாசலில் காலடி கேட்டதும் ஓடிப்போய் உன் தட்டைப் போட்டு ஊசியை வைத்துவிட்டாள்.

மேஸ்திரி தந்தியை மீட்டி முதல் அடிக்கு வாயைத் திறந்தார். அவர் வாயிலிருந்து காற்று வருவதற்குள் வீட்டுக்குள்ளே இருந்து நீ பாடினாய். 'வாசல் திறங்க வீட்டுக்காரரே, வழிநடந்த ராஜா வந்தாரே.' அதே மெட்டு, அதே சுருதி, இம்மி பிசகவில்லை. பதில் பாடுகிற ஆறு பேரும் அந்த அடி முடிந்தால் வாயைத் திறந்தே பழகினவர்கள், முதல் அடியை யார் பாடினால் அவர்களுக்கு என்ன, பிடித்துக்கொண்டார்கள். மேளம் சேர்ந்தது, கஞ்சிரா சேர்ந்தது. ஜுவெனல் முன்னால் நிற்கிறவன், பின்னால் யார் பாடுகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிற வழக்கம் இல்லை, பதில் முடிந்ததும் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போய்விட்டான். கொடி போனால் எல்லோரும் போக வேண்டியதுதானே. டோனா ஃபிலோ மண்டியிட்டுக் கொடியை முத்தமிட்டாள், பிரசவத்துக்கு இருக்கிற மகளுக்கு நேர்ந்துகொண்டு ஒரு நீல ரிப்பனைக் கட்டினாள், நீ உள்ளே நாலாவது அடி பாடிக்கொண்டிருக்கிறாய், வாசலில் மேஸ்திரி மட்டும் திறந்த வாயோடு தனியாக நிற்கிறார். நான் வேலிக்கு வெளியே இருந்து அவர் முகத்தைப் பார்த்தேன். கோமாளி நானா அவரா என்று எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது.

சரி, சிரித்துவிட்டு விட்டுவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். காப்பி வந்தது, சோள கேக்கு வந்தது, சாப்பிட்டார்கள். வீட்டுக்காரரிடம் விடைபெறுகிற விடைப்பாட்டுப் பாடிக் கொடியை வெளியே எடுக்க வேண்டிய நேரம் வந்தது. மேஸ்திரி வியோலாவை முழங்காலில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஜுவெனல் "பாடுங்க மேஸ்திரி, இன்னும் ஒம்பது வீடு கெடக்கு" என்றான். அதற்கு அவர் "நான் எப்படிப் பாடுறது? உள்ள கொண்டாந்தது நானா?" என்று கேட்டார். யாருக்கும் புரியவில்லை. "எந்தக் குரல்ல கொடி உள்ள வந்துச்சோ அந்தக் குரல்லதான் வெளிய போகணும், வாசலத் தெறந்தவதான் சாத்தணும், நான் வாயத் தெறந்தேன், அவ்வளவுதான், கொடிய அழைச்சது அனீசியோ மக, அவ வந்து பாடட்டும்" என்றார். டோனா ஃபிலோ பதறிப்போய் "அய்யோ மேஸ்திரி, அது தட்டு, வெறும் பிளாஸ்டிக்கு!" என்றாள். "கொடிக்கு அது தெரியுமா?" என்று கேட்டார் இவர்.

ஜுவெனலுக்கு முகம் செத்துப் போய்விட்டது, பாவம், கால் எடுத்து வைத்தவன் அவன்தானே. "தட்டத் திருப்பிப் போட்டுப் பாரும்மா, பின் பக்கத்துல அந்தப் பொண்ணு விடையும் பாடியிருக்கும்" என்றான். போட்டார்கள். மகளே, நீ அந்தக் காட்சியைப் பார்த்திருக்க வேண்டும். கோஷ்டி முழுக்கத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கொடி நடுவில் நாற்காலியில் சார்த்தி இருக்க, உன் தட்டை இரண்டு பக்கமும், பன்னிரண்டு பாட்டும், விடாமல் கேட்டார்கள். என்னையும் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள், முகமூடியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு நானும் கேட்டேன். ரயில் பாட்டு வந்தபோது மேளக்காரன் தொடையில் தாளம் போட்டான், மேஸ்திரி முறைத்ததும் நிறுத்திவிட்டான். ஊசி உள்வட்டத்துக்குப் போய்க் கரகர என்றது. விடைப்பாட்டு இல்லை. மேஸ்திரி எழுந்து, "பன்னெண்டு பாட்டுப் பாடியிருக்கா, விடை ஒண்ணு பாடல பாரு" என்று சொல்லித் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கொடி அங்கேயே இருக்கிறது. இன்றோடு பன்னிரண்டு நாள்.

மீதி ஒன்பது வீட்டுக்கும் கொடி போகவில்லை. ஆறாம் தேதி திருநாள் விருந்துக்கு அடித்த மாட்டை என்ன செய்வது, சாப்பாட்டை நிறுத்த முடியுமா, சாப்பிட்டோம், ஆனால் அடுத்த வருஷத்துத் திருநாளை எடுத்து நடத்துகிறவருக்குக் கிரீடம் மாற்றவில்லை. கொடி வந்து சேராமல் எப்படி மாற்றுவது? பங்குச் சாமியார் வந்து பேசிப் பார்த்தார், "ஒலெகாரியோ, ஆண்டவருக்கு இதெல்லாம் பெருசு இல்லப்பா, தூக்கிட்டு வா" என்றார். மேஸ்திரி மரியாதையாகத் தொப்பியை எடுத்துவிட்டு "பூசை ஒங்களது சாமி, கொடி எங்களது" என்று அனுப்பிவைத்துவிட்டார். டோனா ஃபிலோ பாடுதான் பெரும்பாடு. கொடி இருக்கிற வீட்டைப் பூட்டக் கூடாது, விளக்கு அணையக் கூடாது, கொடியைப் பார்க்க வருகிறவர்களுக்குக் காப்பி கொடுக்காமல் அனுப்பக் கூடாது. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது, தட்டில் வந்த கொடி எங்கே என்று கேட்டுக்கொண்டு. எல்லாவற்றுக்கும் மேல் கொடி முன்னால் சண்டை போடக் கூடாது, அதனால் பக்கத்து வீட்டுக்காரியோடு கோழி மேய்வதை வைத்து இருபது வருஷமாக நடந்துவந்த சண்டையை நிறுத்திவைத்திருக்கிறாள். போன வெள்ளிக்கிழமை என்னை வழிமறித்து, "அனீசியோ, ஒம் மக எப்ப வருவா? எம் மகளுக்குப் பிப்ரவரி நடுவுல நாளு, நான் உபராபா போயாகணும், ராஜாவ வீட்டுல தனியா விட்டுட்டுப் போக முடியுமா?" என்று கேட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் கேட்டவுடனே "காப்பி குடிச்சிட்டுப் போ" என்றும் சொன்னாள். ஊரிலேயே இப்போது பெரிய மனுஷி அவள்தான், அதில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமும் உண்டு.

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன், கவனமாகப் படி. வியாழக்கிழமை காலை, உன் கடிதம் வந்த மறுநாள், மேஸ்திரி சாலையோரம் நின்று கையைக் காட்டினார். "பால் கேனுக்கு நடுவுல ஒரு ஆளுக்கு எடம் இருக்குமா?" என்று கேட்டு முன் ஸீட்டில் ஏறிக்கொண்டார். பாலத்தில் ஏறியதும் நான் கேட்டே விட்டேன். உனக்குத் தெரியாது, உன் பாட்டை முதன்முதல் ரேடியோவில் கேட்டதும் அந்தப் பாலத்தில்தான். போன மார்ச்சில், நடுப்பாலத்தில் லாரியை நிறுத்திவிட்டுக் கடைசி அடி வரைக்கும் கேட்டேன், பின்னால் ஆறு வண்டி ஹாரன் அடித்தது, பால்பண்ணைக்கு நேரம் கழித்துப் போய் இரண்டு கேன் பால் திரிந்துவிட்டது. அம்மா அதில் பாலாடைக்கட்டி செய்தாள், 'இது டெல்மிரா கட்டி' என்று பேர் வைத்து ஊருக்கெல்லாம் கொடுத்தாள். அந்தப் பாலத்தில் ஏறியதும் எனக்குத் தைரியம் வந்தது. "மேஸ்திரி, பதினொரு வருஷத்துக்கு முன்னாடி, பொம்பளக் குரல்ல கொடி உள்ள போகாதுன்னு சொன்னது யாரு?" என்றேன். "நான்தான்" என்றார். "இப்ப?" என்றேன். வெளியே ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "கொடி என்னையக் கேக்கலையே அனீசியோ. போயிடுச்சே."

பிறகு நீ எழுதியதையும் சொன்னேன், பத்திரிகைக்காரன் சொன்னது, திருடி என்றது, எல்லாம். அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே, கேன் எல்லாம் ஆடிற்று. "எவன் அவன்? அந்த மெட்டு எவன் வீட்டுப் பெட்டியில இருந்து காணாமப் போச்சாம்? நான் கூடத்தான் அதுல எஞ் சொல்லப் போட்டேன், எனக்கு முந்துன மேஸ்திரி அவரு சொல்லப் போட்டாரு. மெட்டு வாசப்படி மாதிரி, ஏறிப் போறவன்லாம் திருடனா?" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "அவ மேல எனக்கு ஒரே ஒரு கொறைதான்" என்றார். நான் லாரியை மெதுவாக்கினேன். "ரெண்டாவது அடிய ஓடுறா. ராஜாங்க பாலைவனத்துல நடந்து வந்தவங்க, வாசல்ல நின்னு மூச்சு வாங்கணும். இவ கார்ல வந்து எறங்குன மாதிரி பாடுறா" என்றார். அவ்வளவுதான் மகளே உன் மேல் இருக்கிற வழக்கு. மூச்சு வாங்காமல் பாடியது.

இறங்கும்போது இன்னொன்றும் சொன்னார். நான் என்ன கேட்டேன் என்றால், டெல்மிரா வந்தால் விடைப்பாட்டுக்கு நீங்கள் சொல் எடுத்துக்கொடுப்பீர்களா என்று கேட்டேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார். "எஞ் சொல்லு எனக்கு. அவ கொண்டாந்த கொடிக்கு அவதான் விடை கட்டணும், அவ சொல்லுல. நாங்க பதில் பாடுவோம்" என்றார். பதிலை அவரும் சேர்ந்து பாடுவாராம். முதல் அடி எடுக்கிற மனுஷன், பின்வரிசையில் நின்று. நான் லாரியை எடுக்க மறந்து நின்றுவிட்டேன். பன்னிரண்டு பாட்டுக் கட்டிய நீ ஒரு விடைப்பாட்டு ஏன் கட்டவில்லை என்று எனக்குத் தெரியும், வீட்டை விட்டு விடை சொல்லிக்கொள்ளாமல் போனவளுக்கு அது எப்படி வரும்.

அதில்தான் என் பாவமும் இருக்கிறது. நான் எழுதிப் பழகாதவன், வளைத்து வளைத்து எழுத வராது, நேராகச் சொல்லிவிடுகிறேன். உனக்குப் பதினேழு வயது. திருநாளுக்கு முந்தின நாள், பெரிய பண்ணை வீட்டு வாசலில் கோஷ்டி நிற்கிறது, காய்ச்சலில் மேஸ்திரிக்குக் குரல் எழும்பவில்லை. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். பதில் வரிசையில் மேல்குரல் பாடிக்கொண்டிருந்த நீ முன்னால் வந்து முதல் அடியை எடுத்தாய். பாதி அடிதான். மேஸ்திரி கையைத் தூக்கி நிறுத்தினார், பொம்பளைக் குரலில் கொடி உள்ளே போகாது என்று கோஷ்டியையே திருப்பிவிட்டார். நீ அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாய். ஊரே என்னைத்தான் பார்த்தது, அப்பன் என்ன சொல்லப் போகிறான் என்று. நான் என்ன செய்தேன் என்று உனக்கு மறந்திருக்காது. குட்டிக்கரணம் போட்டேன். மேஸ்திரி குரலைப் பூனை கொண்டுபோச்சு என்று ஒரு கோமாளிப் பாட்டு எடுத்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே கலைந்து போனார்கள், நீ அந்தச் சிரிப்புக்கு நடுவில் நின்றாய். மார்ச்சில் நீ பஸ் ஏறிவிட்டாய்.

சண்டை வருகிற இடத்தில் சிரிக்க வைப்பதுதான் கோமாளி தொழில் என்று பதினொரு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். பொய். எனக்கு மேஸ்திரியிடம் பயம், கோஷ்டியை விட்டுத் தள்ளிவிடுவாரோ என்று பயம், அதுதான் நிஜம். உனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். முகமூடி போட்டவன் கொடி முன்னால் வேடிக்கை தவிர வேறு பேசக் கூடாது என்று ஒரு சாக்கு இருந்தது, அதற்குள் ஒளிந்துகொண்டேன். நான் உன்னைப் பார்த்தது உனக்குத் தெரிந்திருக்காது, துணிக்குள் என் கண் தெரியாது. அம்மா அன்றிலிருந்து அந்த முகமூடியைத் துவைத்துத் தருவதில்லை, ஒரு வார்த்தையும் கேட்டதில்லை, துவைப்பதில்லை, அவ்வளவுதான், ஒவ்வொரு டிசம்பரிலும் நானேதான் குழாயடியில் உட்கார்ந்து சோப்புப் போடுகிறேன். நான் செய்தது தப்பு மகளே. மன்னிப்பாயோ மாட்டாயோ, அது உன் இஷ்டம். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன், இதைக் கேட்கப் பதினொரு வருஷம் ஆகியிருக்க வேண்டாம்.

இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன். பிப்ரவரி இரண்டு மெழுகுவத்தி மாதா திருநாள், அன்றோடு கிறிஸ்துமஸ் குடிலைப் பிரித்துவிடுவார்கள், அதற்கு மேல் ராஜாக்கள் பாட்டை ஒருவரும் பாட முடியாது. அதற்குள் விடை பாடாவிட்டால் கொடி அடுத்த டிசம்பர் வரைக்கும் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான், டோனா ஃபிலோ உபராபா போன மாதிரிதான். உன் கையெழுத்து முப்பத்தொன்றாம் தேதி. அதைப் போட்டுவிட்டு வந்தால் நீ நம் வாசலில் வாய் திறக்கக் கூடாது என்று காகிதம் சொல்லும். அதனால் முன்னால் வா. ஜிகினா கவுன் போடாதே என்று நான் சொல்லவில்லை, உன் பிழைப்பு உனக்குத் தெரியும், சாவோ பாவ்லோவில் வாடகை கொடுக்கிறவள் நீ, நான் இல்லை. பாடிவிட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டாலும் நீ எங்கள் மகள்தான், அந்தக் காதல் பாட்டையும் நான் பாலத்தில் நிறுத்திக் கேட்பேன். ஆனால் திருடி என்று பயந்துகொண்டு போடாதே. உன்னைத் திருடி என்று சொல்ல வேண்டியவர் உன் தட்டுக்குத் தொப்பி கழற்றி உட்கார்ந்திருந்தார், நானே பார்த்தேன். ஊரில் மேஸ்திரி பாட்டுக்குத்தான் கொடி உள்ளே போகும். இந்த வருஷம் உன் பாட்டுக்குப் போயிருக்கிறது. இதற்கு மேல் அந்தப் பத்திரிகைக்காரன் என்ன எழுதினால் என்ன.

இந்தக் கடிதத்தை பஸ் டிரைவர் அடௌட்டோவிடம் கொடுத்தனுப்புகிறேன், தபாலை நம்பி உட்கார நேரமில்லை. அவன் நாளைக் காலையில் புறப்படுகிறான், உன் வீட்டு வாசல் வரைக்கும் வந்து கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான், அவனுக்குக் காப்பி போட்டுக் கொடு. ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கிருந்து திரும்புகிறான், இருபத்தோராம் தேதிக்கும் இருபத்தெட்டாம் தேதிக்கும் முன்வரிசை ஜன்னல் ஸீட்டை உன் பேருக்கு வைத்திருக்கச் சொல்லிவிட்டேன். அம்மா கொய்யா அல்வாவும் பாலாடைக்கட்டியும் கட்டித் தந்திருக்கிறாள், அல்வாவை ஐஸ்பெட்டியில் வைக்காதே, கல்லாகிவிடும். ஐஸ் தண்ணீர் குடிக்காதே, கழுத்தில் துண்டு சுற்றிக்கொள், பஸ்ஸில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்காதே. வந்தால் கோழியும் வெண்டைக்காயும் வைத்து சோளக் களி கிண்டுவதாக அம்மா சொல்கிறாள், எந்தக் கோழி என்றுகூட முடிவு செய்துவிட்டாள், அது இப்போது எதுவும் தெரியாமல் முற்றத்தில் திரிகிறது.

மூன்று ராஜாக்களும் உன் வழிக்கு வெளிச்சம் காட்டட்டும், மாதா உன் குரலைக் காக்கட்டும், அம்மாவின் முத்தமும் என் ஆசீர்வாதமும் உன் தலைமேல் எப்போதும் இருக்கும். மறக்காதே, இரண்டாவது அடியில் மூச்சு வாங்க வேண்டும். நீ முதல் அடி எடுக்கும்போது வேலிக்கு வெளியே திரும்பிப் பார்க்காதே, நான் அங்கே இருக்க மாட்டேன். ஜுவெனலுக்குப் பக்கத்தில், உன் கண் முன்னால் நிற்பேன், எவன் கையைத் தூக்கினாலும் அந்தக் கையைப் பிடித்து இறக்குவேன், குதிக்க மாட்டேன். முகமூடியை நேற்று அம்மாவே கேட்டு வாங்கித் துவைத்து முற்றத்துக் கயிற்றில் காயப்போட்டிருக்கிறாள். அது அங்கேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
வெறும் முகத்தோடு உனக்காகக் காத்திருக்கும் அப்பா,
அனீசியோ